ஏறக்குறைய ஜனவரி

திரு. வெஸ் ஹெய்க்கினன் அவர்கள்,
தலைமைச் சமையற்காரர், 'எல்மர் ஹோல்ட்' இரும்புத்தாதுக் கப்பல்,
டிட்ராய்ட் ஆற்றுத் தபால் படகு வழியாக, வாளியில் போட்டு மேலே இழுத்துக்கொள்ளவும்.

நவம்பர் 14, சனி

பசி தெரியாமலும் கணக்கு தெரியாமலும் என்னை வளர்த்த மதிப்பிற்குரிய தந்தையாருக்கு, மூத்த மகள் டெஸ் ஒற்றை முழங்காலில் நின்று எழுதும் மடல். (இன்னொரு முழங்காலில் கட்டு. காரணம் கீழே வரும்.) இங்கே மூவர் நலம். அங்கே ஒருவர் நலமா என்று தெரியப்படுத்தவும். நால்வர் நலம் என்று ஒரே வரியில் எழுதத் தோதான நாள் எது என்பதையும் சேர்த்துத் தெரியப்படுத்தவும்.

இந்தக் காலத்தில் எவள் அப்பாவுக்குக் கடிதம் எழுதுவாள் என்று கேட்பீர்கள். என் போன் பள்ளிக்கூட அலுவலக இழுப்பறையில் இந்த மாதக் கடைசி வரைக்கும் சிறையில் இருக்கிறது. அம்மாவின் போனில் பேசலாமென்றால் நீங்கள் ஏரிக்கு நடுவில் இருப்பீர்கள், "ஏறக்குறைய கேக்குதும்மா" என்பதற்குள் லைன் செத்துவிடும். கடிதத்துக்கு அந்தத் தொல்லை இல்லை. டிட்ராய்டில் கப்பல் நிற்காமல் போய்க்கொண்டிருக்கும்போதே தபால் படகு ஒட்டி வரும், மேலேயிருந்து கயிற்றில் வாளியை இறக்குவீர்கள், அதில் நான் ஏறி வருவேன், கேப்டனின் முதுகுவலி மாத்திரைக்கும் யாரோ வாங்கிய கம்பளிக் காலுறைக்கும் நடுவில். தாள் ஈரமாக இருந்தால் அது ஆற்றுத் தண்ணீர். நான் அழுததாக நினைத்துக்கொள்ள வேண்டாம்.

முதலில் அலுவல். எங்கள் பள்ளிக்கூட விதிப்புத்தகத்தில் விதி 22, உட்பிரிவு 7 என்று ஒன்று இருக்கிறது. மாணவி ஒருத்தி செய்த குற்றத்துக்கு மூலகாரணம் பெற்றோரில் ஒருவர் சொல்லிக்கொடுத்த தப்பான பாடம் என்று தெரியவந்தால், அந்தப் பெற்றோர் ஜனவரி மூன்றாம் வாரத்துக்குள் நேரில் வந்து, கணக்கு ஆசிரியர் முன்னிலையில் படிவத்தில் கையெழுத்திட வேண்டும். தபாலில் போட்ட கையெழுத்து செல்லாது. போனில் சொன்ன மன்னிப்பு செல்லாது. வரும்போது சாட்சிப் பொருளாக பை சுடுகிற ஏழங்குலத் தட்டு ஒன்றும் கொண்டுவர வேண்டும். தவறினால் மாணவி அடுத்த வருடமும் அதே அல்ஜீப்ரா வகுப்பில், தன் தோளுயரம்கூட இல்லாத பிள்ளைகளுக்கு நடுவில், கொக்கு மாதிரி உட்கார்ந்திருக்க வேண்டும். படிவத்தை இணைத்திருக்கிறேன். பார்க்க மட்டும்தான். கையெழுத்து இங்கே வந்து.

டொலீடோவில் கட்டிப்போடும் கப்பலுக்குக் குளிர்காலம் முழுக்கக் காவல் இருக்கச் சம்மதமா என்று கம்பெனி கேட்கிறது, இந்த மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும் என்று போன தடவை பேசும்போது சொன்னீர்கள். வீட்டுக்கு வருவீர்களா என்று கேட்டேன். "ஏறக்குறைய வந்துருவேம்மா" என்றீர்கள். போன வருடமும் இதே சொல்தான். கப்பல்கள் ஏரிக்கு ஏரி மாறுகிற சூ மதகுகளை ஜனவரி நடுவில் மூடினார்கள், எல்லாக் கப்பலும் கட்டுத்துறைக்குப் போய்ச் சேர்ந்தது, எல்லா அப்பாக்களும் பனிச்சப்பாத்து மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்கள், நீங்கள் ஏறக்குறைய வந்தீர்கள். அறுநூறு மைல் தள்ளி டொலீடோ வரைக்கும். அப்பா, ஏறக்குறைய என்றால் கொஞ்சம் ஏறவும் வேண்டும் கொஞ்சம் குறையவும் வேண்டும். உங்களுடையதில் குறைய மட்டும்தான் இருக்கிறது. ஏறவே காணோம்.

இனிக் குற்றம்.

அல்ஜீப்ராவில் இந்த மாதம் எண்களை வகை பிரிக்கும் பாடம். கப்பல் சமையலறையில் ஒன்றுக்குள் ஒன்றாகப் பாத்திரம் அடுக்கி வைத்திருப்பீர்களே, அப்படித்தான் இதுவும். எல்லாவற்றுக்கும் உள்ளே கிடக்கிற குட்டிப் பாத்திரம் இயல் எண்: 1, 2, 3 என்று விரல்விட்டு எண்ணுவது. அதோடு சுழியத்தைச் சேர்த்தால் முழு எண். (தங்கச்சி லெம்பிக்கு முன்பல் இரண்டு விழுந்துவிட்டது. சிரித்தால் சுழியம் தெரிகிறது.) நம் ஊர் ஜனவரி வெப்பநிலை மாதிரி சுழியத்துக்குக் கீழே இறங்குகிற குறை எண்களையும் சேர்த்தால் முழுக்கள். பின்னங்களையும் போட்டால் பெரிய அண்டா, அது விகிதமுறு எண். ஒரு முழுவை இன்னொரு முழுவால் வகுத்து எழுத முடிகிற எதுவும் அதற்குள் அடக்கம். தசமமாக எழுதிப் பார்த்தால் ஒன்று எங்கேயாவது முடிந்துவிடும், இல்லாவிட்டால் போன வழியே திரும்பத் திரும்ப வரும். இந்த அடுக்குக்கெல்லாம் வெளியே, மூடி பொருந்தாத சட்டி ஒன்று தனியே கிடக்கும். அதுதான் விகிதமுறா எண். முடியவும் முடியாது, திரும்பியும் வராது. வட்டக் கணக்கில் வருகிற பை அந்தச் சட்டியில்தான் இருக்கிறது. அண்டாவையும் சட்டியையும் சேர்த்து மொத்தமாக மெய்யெண்கள் என்கிறார்கள். மெய்யில்லாத எண்களும் உண்டாம், அது பெரிய வகுப்பில். எனக்கு அதில் முன்னனுபவம் இருப்பதால் பரீட்சை இல்லாமலே சேர்த்துக்கொள்ளலாம் என்று கணக்கு வாத்தியார் பியாங்கி சார் சொல்கிறார்.

அவர் வகுப்புத் தரையில் நீல டேப் ஒட்டிக் கட்டம் கட்டமாகப் போட்டு வைத்தார். ஆளுக்கு ஒரு அட்டை. அதிலிருக்கும் எண் எந்த வகையோ அந்தக் கட்டத்தில் போய் நிற்க வேண்டும். மாக்கி வீட்டுப் பிரோடிக்கு √16 வந்தது. வர்க்கமூலக் குறியைப் பார்த்ததும் பேயைப் பார்த்தவன் மாதிரி விகிதமுறாக் கட்டத்துக்கு ஓடினான். "டேய், தொப்பியப் பாத்துட்டு ஓடாத. கழட்டிட்டு உள்ள யாருன்னு பாரு. எதை எதால பெருக்கினா பதினாறு?" என்றார் சார். "நாலை நாலால." "அப்ப உள்ள நாலு. கிளம்பி இயல் எண்ணுக்குப் போ." எல்லாரும் சிரித்தார்கள், நான் கொஞ்சம் கூடுதலாகவே சிரித்தேன். அதற்குப் பலன் அடுத்த நிமிடமே கிடைத்தது.

எனக்கு வந்த அட்டை 22/7. பார்த்ததும் சொந்தக்காரரை ரயிலடியில் பார்த்த மாதிரி இருந்தது. நினைவிருக்கிறதா, இரண்டு வருடத்துக்கு முந்தைய ஜனவரி, வெளியே பனி ஜன்னல் உயரத்துக்கு, நீங்களும் நானும் மாவு ஓட்டில் பூசணிக்கூழ் ஊற்றிப் பூசணிப் பை சுட்டோம். விளிம்பு கருகாமல் இருக்கத் தட்டைச் சுற்றி அலுமினியத் தாள் கட்ட வேண்டும். தட்டு குறுக்கே ஏழங்குலம், தாள் எவ்வளவு நீளம் வேண்டும் என்று கேட்டீர்கள். நான் முழித்தேன். "இருபத்திரண்டு. இருபத்திரண்டை ஏழால வகுத்தா என்னவோ, அதான் பை. எழுதி வெச்சுக்கோ" என்றீர்கள். எழுதி வைத்துக்கொண்டேன். பூசணிப் பை, கணக்குப் பை, என் பள்ளிக்கூடப் பை, மூன்றிலும். ஆகவே தலை நிமிர்ந்து நடந்து போய் விகிதமுறாக் கட்டத்தின் நட்டநடுவில் நின்றேன். அங்கே நான் மட்டும்தான் இருந்தேன்.

"டெஸ், யோசிச்சுத்தான் நிக்கிறியா?"

"ஆமா சார். இது பை. பை விகிதமுறா எண்."

"இது பை இல்லம்மா. பைக்கு ஏறக்குறைய."

"எங்கப்பா பைன்னுதான் சார் சொன்னாரு."

பிரோடி தன்னுடைய நாலாம் நம்பர் கௌரவத்தோடு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தான். "உங்கப்பா போன ஜனவரி வீட்டுக்கு வர்றேன்னும்தான் சொன்னாரு" என்றான்.

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன், யாராவது என்னைக் கிண்டல் செய்தால் முதலில் சிரித்து முடிப்பது என் வழக்கம். ஆனால் அன்றைக்கு எனக்கு முன்னால் பிரோடி சிரித்து முடித்துவிட்டான். உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். காலையில் காப்பி குடித்தீர்களா என்றால் ஏறக்குறைய, குளிர்கிறதா என்றால் ஏறக்குறைய, அம்மாவிடம் கோபமா என்றால் ஏறக்குறைய இல்லை. எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய போடுகிற மனுஷன், போட்டே ஆக வேண்டிய ஒரே இடத்தில், பை தட்டுக்குப் பக்கத்தில், ஏனப்பா போடாமல் விட்டீர்கள்?

பழி வாங்கத் திட்டம் போட்டேன். திட்டம் சுத்தமானது, அறிவுபூர்வமானது. பஸ்களின் முன்கண்ணாடியில் எண் எழுதிய வெள்ளை அட்டை செருகியிருப்பார்கள் அல்லவா, கடைசி வகுப்பில் கழிவறைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, பஸ் நிற்கிற இடத்துக்குப் போய் நாலு அட்டைகளை மாற்றினேன். இரண்டாம் பஸ்ஸுக்கு √4. மூன்றாம் பஸ்ஸுக்கு √9. நான்காம் பஸ்ஸுக்கு √16. ஒன்பதாம் பஸ்ஸுக்கு √81. ஒன்று கவனியுங்கள் அப்பா, எதுவுமே பொய் இல்லை. நாலும் மெய். பாடம் படித்தவன் வீட்டுக்குப் போவான், படிக்காதவன் ஊர் சுற்றுவான், அவ்வளவுதான். பிரோடி நான்காம் பஸ். அவன் ஒரு தடவை பட்டும் திருந்தாதவன், தொப்பியைப் பார்க்காமல் நாலை மட்டும் பார்த்து √4இல் ஏறுவான், அது ஊருக்கு எதிர்ப்பக்கம் குப்பைமேடு வரைக்கும் போகும் என்பது என் கணக்கு. கணக்கு அப்படியே பலித்தது. ஏறினான். பனி கொட்டிக்கொண்டிருந்தது. நான் கொடிக்கம்பத்துக்குப் பின்னால் நின்று, அவன் ஜன்னலோரமாக உட்கார்ந்து ராஜா மாதிரி போவதைப் பார்த்துக் கையசைத்தேன். அவனும் அசைத்தான், பாவம்.

பார்த்துச் சிரித்து முடிக்கும்போதுதான் ஞாபகம் வந்தது, நம் லெம்பி ஒன்பதாம் பஸ்.

அவள் முதல் வகுப்பு. மூலமும் தெரியாது முடிவும் தெரியாது. ஒன்பது என்றால் வயிறு பெருத்து வால் தொங்குகிற எண் என்று மட்டும் தெரியும். தினமும் நான்தான் கையைப் பிடித்து ஏற்றிவிடுவேன். அன்றைக்கு நான் கொடிக்கம்பத்துக்குப் பின்னால் வேலையாக இருந்தேன். அவள் தனியாக வந்து, வரிசையாகப் பார்த்து, வயிறு பெருத்து வால் தொங்குகிற எண்ணைக் கண்டுபிடித்து ஏறிவிட்டாள். √9. அதாவது மூன்றாம் பஸ். துறைமுகத்துக்குப் போவது. நான் ஓடி வந்தபோது அது வாசலைத் தாண்டிவிட்டது. பின்னாலேயே ஓடினேன், உறைந்த பள்ளத்தில் சறுக்கினேன், இந்த முழங்கால் கட்டு அதுதான். பஸ்ஸின் பின்கண்ணாடியில் அவளுடைய சிவப்புக் குல்லாய் தெரிந்தது. அது என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அலுவலகத்தில் போய் நானே சொன்னேன், இதையும் குறித்துக்கொள்ளவும். கூட்டிக் கழித்தால் எனக்குச் சாதகமாக இருப்பது அது ஒன்றுதான். அவர்கள் வயர்லெஸ்ஸில் மூன்றாம் பஸ்ஸைக் கூப்பிட்டார்கள். ஓட்டுகிறவர் கஸ் லாஹ்டி. கண்ணாடியில் அட்டை மாறியிருப்பதைப் பார்க்கவில்லையா என்றதற்கு, "பாத்தேனே. ஒன்பதுக்குப் பக்கத்துல யாரோ பெருசா டிக் அடிச்சிருந்தாங்க. ஒன்பது விஷயமும் செக் பண்ணி சரின்னு போட்டுட்டாங்கன்னு சந்தோஷமா வண்டிய எடுத்துட்டேன்" என்றார். அது டிக் இல்லை, வர்க்கமூலம் என்று தலைமையாசிரியர் விளக்கினார். வயர்லெஸ் கொஞ்ச நேரம் கரகரத்தது. "முப்பது வருஷமா இந்த சீட்ல உக்காந்திருக்கேன், மூலம் எனக்குத்தான்னு நெனச்சேன். வண்டிக்கும் வந்துருச்சா?" என்றார் கஸ்.

நான் சிரிக்கவில்லை. நம்புங்கள்.

அம்மா பேக்கரியில் இறைச்சி அடைத்துச் சுடுகிற பேஸ்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தவள் கை கழுவாமலேயே காரை எடுத்து வந்தாள். நானும் ஏறினேன். ஸ்டியரிங் முழுக்க மாவு. துறைமுகத்தில் அலைதடுப்புச் சுவர் தொடங்குகிற இடத்தில் பஸ் நின்றுகொண்டிருந்தது, உள்ளே விளக்கு எரிந்தது, ஹீட்டர் ஓடிக்கொண்டிருந்தது. லெம்பி முன் இருக்கையில் காலை ஆட்டிக்கொண்டு கஸ்ஸின் பேஸ்டியில் பாதியைத் தின்றுகொண்டிருந்தாள். அழுத அடையாளமே இல்லை. கஸ் கீழே இறங்கி வந்து அம்மாவிடம் மெதுவாகத்தான் சொன்னார், ஆனால் எனக்குக் கேட்டது.

"வழி தப்பிட்டோம்னு இவளுக்குப் பயமே இல்ல. ஏரியப் பாத்ததும், சரியான பஸ்லதான் வந்திருக்கேன், இங்கதான் அப்பா கப்பல் வரும், இறக்கி விடுங்கன்னா. இறக்குனா வெறச்சுப் போயிருவியேன்னேன். அப்ப நீங்களாவது ஹாரன் அடிச்சுக் கூப்பிடுங்கன்னா. மூணு நீளம், ரெண்டு குட்டைன்னு கணக்கு வேற சொல்றா."

"அடிச்சீங்களா?" என்றாள் அம்மா.

"என்னம்மா பண்றது, அடிச்சேன்."

நம் ஊரைத் தாண்டும்போது நீங்கள் கேப்டனைக் கெஞ்சி ஊதச் சொல்வீர்களே, மூன்று நீளம், இரண்டு குட்டை. அதை ஒரு மஞ்சள் பள்ளிக்கூட பஸ் பனிக்குள் பார்த்து ஊதியிருக்கிறது. நீங்கள் அன்றைக்கு எரீ ஏரியில் எங்கேயோ உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்திருப்பீர்கள். இருந்தாலும் கேட்கிறேன், செவ்வாய்க்கிழமை, நவம்பர் மூன்று, சாயங்காலம் நாலு மணி வாக்கில் உங்களுக்கு ஏதாவது கேட்டதா? ஏறக்குறைய?

வீடு வரைக்கும் அம்மா என்னைத் திட்டவே இல்லை. திட்டுவாள், இடையில் ஒரு ஜோக் சொல்லலாம், அவள் உதட்டைக் கடிப்பாள், வழக்கு தள்ளுபடியாகும் என்று மூன்று ஜோக் தயாராக வைத்திருந்தேன்.  வீட்டு வாசலில் காரை நிறுத்தி, இறங்காமல், பின்சீட்டில் தூங்கிவிட்ட லெம்பியைக் காட்டி, "அவ என்ன கேட்டா தெரியுமா? இன்னும் கொஞ்ச நேரம் அங்கயே இருக்கட்டுமான்னு கேட்டா" என்றாள். மூன்று ஜோக்கையும் நான் திரும்பப் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டேன்.

தண்டனை மூன்று வாரம். பள்ளி விட்டதும் பியாங்கி சார் அறையில் ஒரு மணி நேரம். பிரோடிக்கும் அதே தண்டனை, ஏனென்றால் குப்பைமேட்டிலிருந்து மீட்டுக் கொண்டுவந்த மறுநாள் அவன் என் லாக்கருக்குள் ஒரு வாளி பனியைக் கொட்டினான். நியாயமான பதிலடி, நான் புகார் சொல்லவில்லை, பனிதான் உருகி வராந்தாவுக்கு ஓடிப் போய்ச் சொல்லிவிட்டது. பியாங்கி சார் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் கடைகளில் பில் அடிக்கிற காகிதச் சுருள் ஒன்றை வைத்து, "இருபத்திரண்ட ஏழால வகுங்க. திரும்பி வரலன்னா டெஸ் சொன்னது சரி, நானே மன்னிப்புக் கேக்கறேன். சுருள் தீர்ற வரைக்கும் வகுங்க" என்று சொல்லிவிட்டு ஆரஞ்சு உரிக்கப் போய்விட்டார்.

நான் வகுத்தேன், பிரோடி சரி பார்த்தான். மூன்று, அப்புறம் புள்ளி. ஒன்று, நாலு, இரண்டு, எட்டு, ஐந்து, ஏழு. எனக்குத் தெம்பு வந்துவிட்டது, பார்த்தாயா எப்படி இஷ்டத்துக்குப் போகிறது, இதெல்லாம் திரும்பி வருகிற முகமா என்றேன். அடுத்தது ஒன்று. அடுத்தது நாலு.

"மறுபடி ரெண்டு வரும் பாரு" என்றான் பிரோடி.

ரெண்டு வந்தது. எட்டு வந்தது. ஐந்து, ஏழு. மறுபடி ஒன்று. மூன்றாவது சுற்றும் அப்படியே போனதும் நான் பென்சிலைக் கீழே வைத்தேன். ஏழால் வகுத்தால் மீதி ஒன்றிலிருந்து ஆறு வரைதான் இருக்க முடியும் அப்பா, ஆறையும் சுற்றிப் பார்த்துவிட்டால் ஏழாவது தடவை பழைய மீதிக்குத்தான் வந்தாக வேண்டும், போக வேறு இடம் கிடையாது. உங்களுக்கும் அதே கதைதான். இருப்பது ஐந்து பெரிய ஏரி. ஆறாவதாக எங்கே போய்விடுவீர்கள்?

ஆக, நீங்கள் சொன்னது தப்பு. 22/7 பை இல்லை. புள்ளிக்கு அப்புறம் மூன்றாவது இலக்கத்திலேயே இரண்டும் பிரிந்துபோய்விடுகின்றன, உங்களுடையது 3.142, அதனுடையது 3.141. எனக்கு அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை, மாறாக எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாக இருந்தது, ஏன் என்று அப்போது புரியவில்லை. பிரோடி கிண்டல் செய்வான் என்று காத்திருந்தேன். அவன் சுருளைச் சுருட்டிக்கொண்டே, "உங்கப்பாவாவது இது. எங்கப்பா பை" என்றான்.

அவன் அப்பா மூன்று வருடம் முன்னால் நெவாடாவுக்குச் சுரங்க வேலைக்குப் போனவர், உங்களுக்குத் தெரியும்.

"அப்படின்னா?" என்றேன்.

"அடுத்து என்ன வரும்னு எவனுக்கும் தெரியாது. வரும், ஆனா திரும்பி வராது."

 நானும் உண்மையைச் சொன்னேன். "எங்கப்பாவும் போன ஜனவரி வரலடா. வருஷா வருஷம் வந்தவரு, நடுவுல ஒண்ணு விட்டுட்டாரு. ஒண்ணு விட்டாலும் அது திரும்பத் திரும்ப வர்ற தசமம் இல்லியே."

பிரோடி காகிதச் சுருளை மறுபடி பிரித்து, நான் எழுதியதில் ஒரு இடத்தைக் காட்டினான். மூன்றாவது சுற்றில் நான் எட்டை எழுதாமல் விட்டிருந்தேன். "இங்க நீகூடத்தான் ஒண்ண விட்டிருக்க. அதுக்காக ஏழு மாறிருச்சா? கணக்கு தப்பில்ல, எழுதுனவ தப்பு. இடையில செருகிட்டு மேல போ" என்றான். √4 பஸ்ஸில் ஏறிக் குப்பைமேட்டுக்குப் போனவன் சொல்கிறான் அப்பா.

இரண்டாவது வாரத் தண்டனை வர்க்கமூலம். ஒன்றிலிருந்து இருபது வரைக்கும் எது எது முழு வர்க்கம், எது இல்லை என்று பிரிக்க வேண்டும். அந்தக் குறியைக் கொஞ்சம் பாருங்கள். கஸ்ஸுக்கு அது டிக். பிரோடிக்குத் தொப்பி. எனக்கு அது ஒரு பக்கச் சுவரும் மேலே தட்டையான கூரையுமாக, நீராவிக் குளியல் போடுகிற நம் சானா அறை மாதிரி தெரிகிறது. கூரைக்குள் நாலு போனால் கணக்காக இரண்டு என்று முகம் துடைத்துக்கொண்டு வெளியே வருகிறது. ஒன்பது போனால் மூன்று. ஆனால் மூன்று உள்ளே போனால் என்ன ஆகும் தெரியுமா? 1.7320508 என்று ஆரம்பித்து எங்கேயும் நிற்பதில்லை, எதுவும் திரும்பி வருவதும் இல்லை. பக்கம் பக்கமாக எழுதலாம், ஏறக்குறைய என்று போட்டு எங்கேயாவது நாமாக நிறுத்தினால்தான் உண்டு. நம் கூரைக்குள் இப்போது மூன்று பேர் அப்பா. அம்மா, நான், லெம்பி. சாப்பாட்டு மேசையில் நாலாவது நாற்காலியில் அம்மா துணி மடித்து வைக்கிறாள், அந்தத் துணி முடிவதே இல்லை. நாங்கள் ஒன்றும் சோகமாக இல்லை, நன்றாகத்தான் சாப்பிடுகிறோம், சிரிக்கிறோம், நேற்றுகூட நான் உப்பு டப்பாவில் சர்க்கரையைப் போட்டு வைத்தேன். ஆனால் எதைச் செய்தாலும் புள்ளிக்கு அந்தப் பக்கம் ஏதோ ஓடிக்கொண்டே இருக்கிறது. இன்னும் ஒரே ஒரு ஆள் உள்ளே வந்தால் போதும். பெரிய ஆளாக இருக்க வேண்டும் என்றில்லை. ஒன்று போதும்.

பியாங்கி சார் விடைத்தாளில் எனக்குக் கழித்த மதிப்பெண்ணெல்லாம் ஒரே காரணத்துக்குத்தான். √3 = 1.732 என்று எழுதியிருந்தேன். சமக்குறியைச் சிவப்பில் அடித்து, அதன் மேல் இரண்டு நெளிகோடு போட்டிருந்தார். நேர்கோடு இரண்டு படுத்திருந்தால் சமம், அதுவே நெளிந்தால் ஏறக்குறைய. நான் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அது அலை அப்பா. ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு அலை. மார்ச்சிலிருந்து அதன் மேலேயே இருக்கிறவர் வேறு எந்தக் குறியைப் போடுவார்? உங்கள் மேல் இருந்த பாதிக் கோபம் அங்கேயே போய்விட்டது. மீதிப் பாதியை ஜனவரிக்கு வைத்திருக்கிறேன். ஜனவரியில் நம் குடா உறைந்துவிடும், கோடு போட்ட மாதிரி இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரைக்கும் அசையாமல் படுத்துவிடும். அப்போது ஏறக்குறைய என்று சொல்ல உங்களுக்குச் சாக்கு இருக்காது. வருகிறேன் என்றால் வருகிறேன், இல்லை என்றால் இல்லை.

அம்மா சானாவுக்கு விறகு போட்டுவிட்டாள், கூப்பிடுகிறாள். கப்பலில் எல்லாருக்கும் என் வணக்கம், கேப்டனின் முதுகுக்கு என் அனுதாபம், டொலீடோவில் உங்கள் பதிலுக்காகக் காத்திருக்கிற கம்பெனிக்காரருக்கு என் மரியாதையும் ஒரு வாளி பனியும். உங்கள் உடம்பும் அடுப்பும் சூடு குறையாமல் இருக்கட்டும். விதி 22, உட்பிரிவு 7ஐ மறக்க வேண்டாம். சட்டம் சட்டம்தான், நான் என்ன செய்ய முடியும்?

இப்படிக்கு,
உங்கள் வகுத்தலில் மீதி நின்ற மூத்த மகள்,
டெஸ்

பின்குறிப்பு: விதிப்புத்தகத்தில் மொத்தமே பதினெட்டு விதிதான். விதி 22, உட்பிரிவு 7 என்று படித்தபோதே உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும், தெரியாவிட்டால் நீங்கள்தான் என்னோடு அடுத்த வருடம் அல்ஜீப்ராவில் உட்கார வேண்டும். நிஜமான படிவத்தில் அம்மா போன செவ்வாய்க்கிழமையே கையெழுத்துப் போட்டுவிட்டாள், பியாங்கி சாரும் வாங்கி வைத்துக்கொண்டார். என்னை யாரும் எந்த வகுப்பிலும் நிறுத்தி வைக்கவில்லை. நீங்கள் வரவில்லை என்றால் பள்ளிக்கூடம் ஒன்றும் சொல்லாது. இணைத்திருக்கும் படிவம் நானே நூலகத்தில் டைப் அடித்தது. அதில் நீங்கள் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை மட்டும் லெம்பி பிடுங்கிக்கொண்டாள். கூரை வரைந்து, உள்ளே நாலு பேரை நிறுத்தியிருக்கிறாள். நாலாவது ஆளுக்குக் கண், மூக்கு எல்லாம் போட்டு மூக்குக்குக் கீழே மட்டும் வெறுமனே விட்டிருக்கிறாள். கேட்டேன். இப்போது தாடி இருக்கிறதா, எடுத்துவிட்டீர்களா என்று தெரியவில்லையாம். நேரில் பார்த்துவிட்டுப் போடுகிறாளாம்.